நானூறு வில்லைகள்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு புதிய படிவத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். புயலில் காடு விழுந்துபோன தனியார் நில உரிமையாளர்களுக்கு, அந்தக் காட்டைத் திரும்ப வளர்க்க உதவித்தொகை கொடுக்கும் அறக்கட்டளை அது. பம்பாய் மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. அங்கே இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன், பெரும்பாலும் சரிபார்ப்பு அலுவலராக. படிவத்தின் நாலாம் பக்கத்தில் ஒரு புதுக் கட்டம் இருந்தது: ‘தானாக முளைத்தவை’. அதைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு அனுப்பியவள் ஸ்ருதி. இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்.

மறுநாள் போனிலும் கூப்பிட்டாள். "மேடம், இந்த பாக்ஸ் உங்களாலதான் வந்துதுன்னு ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க. புதுசா அஞ்சு பேர் சேர்ந்திருக்காங்க. நீங்க எப்டி ஃபைட் பண்ணீங்கன்னு ஏக் பேஜ் லிக் தோ நா, ப்ளீஸ்."

ஸ்ருதி சான்பாடாவில் வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் பேசுவாள், படிக்க வராது. எழுதிக் கொடுங்கள் என்று அவள் கேட்ட அந்த ஒரு பக்கத்தை இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். இரண்டு தடவை உட்கார்ந்தேன், இரண்டு தடவையும் கிழித்துப் போட்டேன். ஆபீஸ் இங்கிலீஷுக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. யார் செய்தார்கள் என்று சொல்லாமலே நடந்ததை எல்லாம் சொல்லி முடித்துவிடும். அதில் எழுதினால் நான் நல்லவளாகிவிடுகிறேன். அதனால் வீட்டில் பேசின பாஷையில் எழுதுகிறேன். ஸ்ருதியின் அம்மா தமிழ் படிப்பார், மகளுக்குப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சம்மதித்திருக்கிறார்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. செம்பூரில் தனியாக இருக்கிறேன். அம்மா போய் ஆறு வருஷமாகிறது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அதற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. பார்த்த இடங்கள் சரிப்படவில்லை, அப்புறம் பார்க்க ஆளில்லை. ஓய்வு பெற்று மூன்று வருஷத்தில் எனக்கு வந்த போன்களில் பாதி, படிவத்தில் சந்தேகம் கேட்டு வந்தவை. அதுவும் இப்போது குறைந்துவிட்டது. சில நாட்களில் பால்காரரிடம் பேசுவதோடு பேச்சு முடிந்துவிடும். இதை யாரும் பரிதாபப்படுவதற்காகச் சொல்லவில்லை, நிலவரத்தைச் சொல்கிறேன்.

தாவரவியல் படித்துவிட்டு, டைப்பிங் தெரியும் என்பதற்காக வேலைக்கு எடுக்கப்பட்டவள் நான். இரண்டு வருஷம் டைப் அடித்தேன். அதன்பின் களத்துக்குப் போக ஆள் இல்லாதபோது, "செடி படிச்ச பொண்ணுதானே" என்று என்னை அனுப்பினார்கள். கர்ஜத் பக்கத்தில் ஒரு நாற்றுப்பண்ணையில் பத்து நாள் பயிற்சி. அங்கே கற்றுக்கொண்டதில் கடைசிவரை உதவினது ஒன்றுதான். காய்ந்த மாதிரி தெரியும் செடியின் பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகக் கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர், பழுப்பாக இருந்தால் சாவு. இருபத்துநாலு வருஷம் என் வலது கட்டைவிரல் நகத்தில் கறை போனதே இல்லை. அம்மா அதைப் பார்த்து முகம் சுளிப்பாள்.

வேலையின் முறை இது. புயல் அடித்ததும் கொங்கண் கரையோரம் இருக்கும் சிறு நில உரிமையாளர்கள் மனு போடுவார்கள். நான் போய்ச் சேதத்தைப் பார்ப்பேன். சரியென்றால் ஒப்பந்தம். உதவி மூன்று தவணை. முதல் தவணையோடு நாற்றுகளும் கொடுப்போம். ஒவ்வொரு நாற்றுக்கும் ஒரு எண் பொறித்த அலுமினிய வில்லை, மெல்லிய கம்பியில் கட்டித் தொங்கவிட. இரண்டு மழைக்காலம் கழித்து நான் மறுபடி போவேன். ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வில்லையாகத் தேடி, உயிர், சாவு, இல்லை என்ற மூன்று கட்டங்களில் குறிப்பேன். நூற்றுக்கு அறுபது உயிரோடு இருந்தால் தேறியது. இல்லாவிட்டால் ஒப்பந்தம் ரத்து. ஒப்பந்தத்தில் உரிமையாளர்களுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. பத்து வருஷத்துக்கு அந்த நிலத்தை விற்கக் கூடாது, வெட்டக் கூடாது. நிறையப் பேருக்கு அது தொந்தரவு. ஒருவருக்கு மட்டும் அதுதான் வேண்டியிருந்தது. அவரிடம் பிறகு வருகிறேன்.

ஒரு மலைக்கு ஒரு அலுவலர்தான். இரண்டு பேரை அனுப்ப ஆபீஸில் ஆள் கிடையாது. செம்பூரில் முதல் லோக்கலைப் பிடித்து பன்வேல், அங்கிருந்து எஸ்.டி. பஸ், இறங்கி நடை. வழியெல்லாம் மராத்தி. என் மராத்தியைக் கேட்டு ஜனங்கள் சிரிப்பார்கள், ஆனால் தண்ணீர் கொடுப்பார்கள். பல நாட்கள் காலை ஆறு மணியிலிருந்து சாயங்காலம் வரை நான் உரக்கச் சொன்னதெல்லாம் எண்கள்தான்.

எனக்கு ஒரு பேர் வந்தது எப்படி என்று சொல்கிறேன். ஒரு உரிமையாளர், நான் வரப்போகும் தேதி தெரிந்து, முந்தின நாள் பக்கத்து வேலியிலிருந்து கிளைகளை வெட்டி வரிசையாக மண்ணில் குத்தி, தண்ணீர் தெளித்து, வில்லை மாட்டி வைத்திருந்தார். பார்க்க ஜோராக இருந்தது. பன்னிரண்டாவது செடியை நான் இரண்டு விரலால் லேசாகத் தூக்கினேன். கையோடு வந்தது. அதை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டு, "இதுக்கு வேர் போட மறந்துட்டீங்க" என்றேன். இந்தக் கதை ஆபீஸில் ஒரு வருஷம் ஓடியது. அதற்கப்புறம், ‘அவளை ஏமாற்ற முடியாது’ என்று பேர். எனக்கென்று வேறு பேரும் புகழும் இல்லாததால் அதை நான் ரொம்ப ஜாக்கிரதையாக வைத்துக்கொண்டேன்.

என் மேலதிகாரி காதர் சார். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், தாராவியில் தோல் வியாபாரம். அவர் மட்டும் படித்து இந்தப் பக்கம் வந்தவர். ஐம்பது வருஷம் பம்பாயில் இருந்தும் அவருடைய தமிழ் தாமிரபரணியைத் தாண்டவில்லை. கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அறிக்கை கொண்டுபோனால் முதல் வரியிலிருந்து கடைசிவரை படிப்பார். உதடு அசையும், சத்தம் வராது. படித்ததும் தாள்களை மேஜையில் தட்டி ஓரம் சமன் செய்வார். பேனாவுக்கு மூடி போடுவார். மூடி ‘டிக்’கென்று விழுந்தபின் ஒரு கேள்வி கேட்பார். எல்லாரிடமும், எல்லா அறிக்கைக்கும், ஒரே கேள்வி.

"அங்கன வேற என்னமும் பாத்தியளாம்மா?"

பலர் அதைச் சும்மா கேட்கிற கேள்வி என்று நினைத்து, இல்லை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சும்மா கேட்கிற கேள்வி இல்லை அது. ‘ஆமாம்’ என்று சொன்னால் இடப்பக்க இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நம் பக்கம் தள்ளுவார். என்ன பார்த்தாய் என்று கேட்க மாட்டார். எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். நாம் எழுதி முடிக்கும்வரை திரும்ப மாட்டார். அந்தத் தாளுக்குக் கூடுதல் குறிப்பு என்று பேர். படிவத்தில் இடமில்லாதவை எல்லாம் அதில் போகலாம். ஒப்பந்தங்களை முடிவு செய்யும் குழு கூடும்போது அந்தத் தாளை அவரே வாசித்து வாதாடுவார். காட்டெருமை மேய்ந்து நாற்றுகள் போன ஒரு ஏழைக் கிழவியின் கோப்பு அப்படித்தான் பிழைத்தது. குளம்படிகளை நான் எழுதியிருந்தேன். ஆக, அந்தத் தாள் என்ன செய்யும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இதை முன்பே சொல்லிவைக்கிறேன்.

இனி மாதவ் காகா. காகா என்றால் மராத்தியில் சித்தப்பா, எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. மலைச்சரிவில் பதினொரு ஏக்கர் காடு, அடிவாரத்தில் ஓட்டு வீடு. நிலம் அவருக்கும் தம்பிக்கும் பொது. தம்பி விக்ரோலியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து, கம்பெனி மூடி, இரண்டு பெண்களோடு திண்டாடிக்கொண்டிருந்தவர். அந்தப் பக்கம் பங்களா கட்டுகிறவர்கள் விலை கேட்டு வர ஆரம்பித்திருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் புயல் அடித்துக் காட்டில் முக்கால்வாசி சாய்ந்தது.

முதல் தடவை நான் போனபோது காகா அரிவாளோடு முன்னால் நடந்து வழி வெட்டிக் கொடுத்தார். கருமருது, நாவல், கடுக்காய் என்று கட்டிப்பிடிக்க முடியாத மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவர் துக்கப்பட்டதாகத் தெரியவில்லை. ஒரு அடிமரத்தைத் தட்டி, "இது எழுந்துக்கும், தாயி" என்றார். தாயி என்றால் அக்கா. என்னைவிட இருபது வயது பெரியவர், மரியாதைக்காக அப்படிச் சொல்வார்.

"திட்டத்துல நட்ட செடிதான் கணக்கு, காகா. நானூறு நாற்று வரும்."

"நட வேண்டாமே. மேலே இருந்த நிழல் போயிடுச்சு. வெளிச்சம் விழுந்தா அதுவே வரும்."

"அதுவே வந்தா எழுத இடமில்லை."

அவர் வெளிப்படையாகவே சொன்னார். "தம்பிக்கு விக்கணும். அவன் கஷ்டம் அவனுக்கு. எனக்கு விக்க வேண்டாம். நீங்க சொல்ற இந்தக் கையெழுத்து இருக்கிறவரைக்கும் யாரும் கை வைக்க முடியாதுதானே?"

"பத்து வருஷத்துக்கு முடியாது."

"பத்து வருஷம் நான் இருக்க மாட்டேன். அது போதும். நானூறா, நட்டுடறேன்."

முதல் தவணை வருகிறது என்பதால் தம்பியும் கையெழுத்துப் போட்டார். நாற்றுகள் போயின. காகா சொன்னபடி அத்தனையும் நட்டார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டு மழைக்காலம் கழித்து, ஒரு நவம்பர் காலையில் சரிபார்க்கப் போனேன். காகாவுக்கு என்னைப் பார்த்ததில் சந்தோஷம். "எல்லாம் தயார்" என்றார். ஒன்றாம் எண்ணில் ஆரம்பித்தேன். நகத்தால் கீறினேன், பச்சை, உயிர். இரண்டு, உயிர். மூன்று, உயிர். வரிசை கொஞ்சம் கோணலாக இருந்தது, மலைச்சரிவில் அது சகஜம். முப்பத்தாறுவரை ஒன்றுகூடச் சாகவில்லை. நான் மகிழ்ந்துபோனேன் என்றுதான் சொல்ல வேண்டும். முப்பத்தேழாவது என் பதிவேட்டில் நெல்லி. வில்லை தொங்கியதோ ஒரு கருமருதுக் கொழுந்தில். குனிந்து இலைச்சருகை விலக்கினேன். குழி வெட்டின அடையாளமே இல்லை. விழுந்த மரத்தின் அடிக்கட்டையிலிருந்து நேராக எழுந்து வந்த தளிர் அது.

"காகா, இது நெல்லி இல்லை."

"இல்லையே. கருமருது."

"வில்லையை மாத்திக் கட்டியிருக்கீங்க."

"ஆமாம். நீங்க கொடுத்த செடிக்கு இந்தப் பாறை மண் ஒத்துக்கலை, ஒரு வருஷத்துல போயிடுச்சு. செத்த குச்சியில கட்டி என்ன பிரயோஜனம்? நானூறு கேட்டீங்க. நானூறு இருக்கு." அவர் சிரித்தார். "இன்னும் வில்லை இருந்தா கொடுங்க, இன்னும் கட்டறேன்."

ஒளிவுமறைவே இல்லை அந்த மனிதரிடம். ஆனால் எனக்கு முகம் சுட்டது. முப்பத்தாறு செடிகளின் பட்டையைக் கீறி, முப்பத்தாறு தடவை ‘உயிர்’ என்று என் கையால் எழுதியிருக்கிறேன். வேரில்லாத கிளையைத் தூக்கிக் காட்டிப் பேர் வாங்கினவளை ஒரு கிழவர் சிரித்துக்கொண்டே முட்டாளாக்கிவிட்டார் என்று தோன்றியது. மறுபடி ஒன்றாம் எண்ணுக்குப் போனேன். பிற்பகல்வரை நானூறையும் பார்த்தேன். பண்ணை நாற்றுகளில் உயிரோடு இருந்தவை ஐம்பத்தொன்று.

காகா எனக்குத் தண்ணீர் கொண்டுவர ஓடைப்பக்கம் இறங்கிப் போனார். அவர் போன பிறகுதான் நான் செடிகளின் அடியிலிருந்து தலையை நிமிர்த்திச் சுற்றிலும் பார்த்தேன். சரிவு முழுக்க, சாய்ந்த ஒவ்வொரு மரத்தின் கட்டையிலிருந்தும் ஏழெட்டுத் தளிர்கள் இடுப்பு உயரத்துக்கு. நடுவில் வெயில் விழுந்த இடமெல்லாம் நாவல் கன்றுகள், கடுக்காய்க் கன்றுகள். வில்லை கட்டினவை அவற்றில் ஒரு மூலைக்குக் காணாது. பழக்கதோஷத்தில் பையிலிருந்த அளவுக் கயிற்றைப் பத்தடிக்கு வட்டம் போட்டு உள்ளே எண்ணினேன். அறுபத்துமூன்று. அந்த ஒரு வட்டத்துக்குள் மட்டும். கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டேன். அறுபத்துமூன்றை எங்கேயும் எழுதவில்லை. எழுதக் கட்டம் இல்லை என்பது ஒரு காரணம். என் முகம் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது என்பது இன்னொன்று.

காகா வந்தார். தண்ணீர் குடித்தேன். ஒவ்வொரு தாளிலும் அவர் கையெழுத்து வாங்கினேன். "சரியா இருக்கா?" என்று கேட்டார். "ஆபீஸ்ல முடிவு பண்ணுவாங்க" என்றேன்.

பன்வேலிலிருந்து செம்பூர்வரை நின்றுகொண்டே வந்தேன். கதவைத் திறந்த அம்மா, "என்னடி மூஞ்சி இப்படி இருக்கு, யாரோட சண்டை போட்டுண்டு வந்தே?" என்றாள். யாரோடும் இல்லை, களைப்பு என்றேன்.

மறுநாள் காதர் சார் என் அறிக்கையைப் படித்தார். நட்டவை நானூறு, உயிருடன் ஐம்பத்தொன்று, மீதி வில்லைகள் நடப்படாத செடிகளுக்கு மாற்றிக் கட்டப்பட்டுள்ளன. ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. தாள்களைத் தட்டிச் சமன் செய்தார். பேனா மூடி விழுந்தது.

"அங்கன வேற என்னமும் பாத்தியளாம்மா?"

"ஒண்ணும் இல்லை சார்."

அவர் கை இழுப்பறைப் பிடியில் இருந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே அங்கே இருந்தது. "நல்லா யோசிச்சுச் சொல்லுதியளா?" என்றார். அப்படி அவர் இரண்டாம் தடவை கேட்டு நான் பார்த்ததில்லை.

"யோசிச்சுத்தான் சொல்றேன் சார்."

"சரி" என்று கையை எடுத்துக்கொண்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல விதமாக எனக்கே விளக்கம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். விதி விதிதான். ஒருவருக்கு விட்டால் எல்லாரும் மாற்றிக் கட்டுவார்கள். இதெல்லாம் பின்னால் யோசித்துச் சேர்த்துக்கொண்டது. அந்த நிமிஷத்தில் இருந்தது ரோஷம் மட்டும்தான். ஒரு காட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார், அவருக்காக நான் வெள்ளைத் தாள் கேட்க மாட்டேன். இவ்வளவுதான். கூட ஒருவர் வந்திருந்தால், ‘மேடம், அறுபத்துமூன்று எண்ணினோமே’ என்று சொல்லியிருப்பார். கூட யாரும் இல்லை.

குழு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள். அந்த முப்பது நாளும் அந்தத் தாளை எழுத எனக்கு வழி இருந்தது. முதல் வாரம் ரோஷம். இரண்டாம் வாரம், காகா மேல்முறையீடு போடட்டும், அப்போது எழுதிக் கொடுக்கலாம் என்று இருந்தேன். மூன்றாம் வாரம், இப்போது போய் எழுதினால் அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயம். நாலாம் வாரம் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். காகா மேல்முறையீடு போடவில்லை.

அவர் நேரில்தான் வந்தார், கெடு முடிந்த மறுவாரம். மாட்டுங்கா ஆபீஸின் மாடிப்படியில் ஒரு துணிப்பையோடு ஏறி வந்தார். பைக்குள் நானூறு வில்லைகளும் நூறு நூறாக நாலு கம்பியில் கோத்து, மண் கழுவித் துடைத்து இருந்தன. ஒப்பந்தம் முடிந்தால் வில்லைகளைத் திருப்ப வேண்டும் என்று ஒரு ஷரத்து உண்டு. எனக்குத் தெரிந்து அதை அதற்குமுன் யாரும் மதித்ததில்லை.

"எண்ணிக்கோங்க, தாயி."

"வேண்டாம் காகா, நம்பறேன்."

"வேண்டாம், எண்ணுங்க. உங்க வேலை அது."

எண்ணினேன். ரசீது எழுதிக் கொடுத்தேன். மேல்முறையீடு ஏன் போடவில்லை என்று கேட்டேன். "நட்டது நானூறு, இருக்கிறது ஐம்பதுன்னு எழுதியிருந்தீங்க. உண்மைதானே? உண்மைக்கு மேலே என்ன முறையீடு?" என்றார். தம்பி விலை பேசி முடித்துவிட்டதாகவும் சொன்னார். அப்படியானால் வில்லைகளை ஏன் இவ்வளவு சிரமப்பட்டுக் கழற்ற வேண்டும், அப்படியே விட்டிருக்கலாமே என்றேன். "செடி பருத்தா கம்பி இறுகிப் பட்டை அறுந்துடும்" என்றார். புல்டோசர் வரப்போகும் சரிவில் நானூறு செடிகளுக்குக் குனிந்து கம்பி அவிழ்த்துவிட்டு வந்திருக்கிறார். நான் ரசீதில் முத்திரை வைத்தேன். அது இரட்டையாக விழுந்தது.

அடுத்த கோடையில் வேறு ஒரு மனுவுக்காக அந்த வழியாக பஸ்ஸில் போனேன். செம்மண் சரிவு, மேலே செங்கல் அடுக்குகள், ஒரு இரும்புக் கதவு. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அதன்பிறகு நான் எழுதின ஒவ்வொரு அறிக்கையிலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஒரு கூடுதல் குறிப்பு சேர்த்தேன். தானாக முளைத்தவை, பத்தடி வட்டத்துக்கு இத்தனை. முதல் குறிப்பை நீட்டியபோது காதர் சார் அதைப் படித்துவிட்டு, "இது எந்த எடத்துலம்மா மொதல்ல ஒங்க கண்ணுல பட்டுது?" என்று கேட்டார். வேறு ஒரு ஊர்ப் பேரைச் சொன்னேன். தலையாட்டினார். அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். அவர் ஓய்வு பெற்றார், பிறகு காலமானார், கடைசிவரை அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. குறிப்புகள் மட்டும் வருஷாவருஷம் சேர்ந்தன. அந்தக் கத்தையை வைத்துத்தான் இப்போது கட்டம் வந்திருக்கிறது. ஸ்ருதி, நான் யாரோடும் சண்டை போடவில்லை. வாயைத் திறக்க வேண்டிய ஒரு நாளில் மூடிக்கொண்டு, அதற்குப் பிராயச்சித்தமாக நூறு அறிக்கைகளில் எழுதினேன்.

ஒன்று பாக்கி இருக்கிறது. நிலம் கைமாறி ஒன்றரை வருஷம் கழித்து, கோப்பை மூடுவதற்கு உரிமையாளரின் கடைசிக் கையெழுத்து தேவைப்பட்டது. தபாலில் அனுப்பியிருக்கலாம். நானே எடுத்துக்கொண்டு போனேன். காகா அப்போது விக்ரோலியில் தம்பி வீட்டில் இருந்தார். குர்லாவில் மாறி ஏறினபோதிலிருந்து, சொல்ல வேண்டியதை மராத்தியில் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். ‘காகா, நான் பார்த்தேன். எண்ணினேன். எழுதவில்லை.’ மூன்றே வாக்கியம். என் மராத்திக்கு அதில் கஷ்டமான சொல் ஒன்றுகூட இல்லை.

மூன்றாம் மாடி, இரண்டு அறை வீடு. எல்லாரும் வேலைக்கும் காலேஜுக்கும் போயிருந்தார்கள். காகா சமையலறையில் குக்கர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாலு விசில் வந்ததும் அணைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்களாம். "ரெண்டு ஆச்சு" என்று எனக்குச் சைகை காட்டினார். மீதி இரண்டு விசிலுக்கும் நாங்கள் காத்திருந்தோம். இளைத்திருந்தார். கால்கள் வீங்கியிருந்தன. மலையேறின கால்களுக்கு அந்த அறையில் வேலை இல்லை.

குக்கரை அணைத்தார். அவரே டீ போட்டார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் "காகா" என்று ஆரம்பித்தேன்.

அவர் முந்திக்கொண்டார். "தாயி, ரொம்ப நாளா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். தப்பு என்னோடது. அன்னைக்கு நீங்க வர்றதுக்கு முன்னாடி நான் புல்லை அறுத்து வெச்சிருக்கணும். அத்தனை கன்னு எழுந்திருந்தது அங்கே. புல்லு மறைச்சுடுச்சு, உங்களுக்குத் தெரியலை. தெரிஞ்சிருந்தா நீங்க எழுதியிருப்பீங்க. எனக்குத் தெரியாதா உங்களை? ரெண்டு நாள் வேலை, சோம்பல் பட்டு விட்டுட்டேன். என் காட்டை நானே கெடுத்துக்கிட்டேன்."

அவர் என்னை ஆறுதலாகப் பார்த்துக்கொண்டிருந்தார், எனக்குச் சங்கடமாக இருக்குமே என்று. அவரிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு நம்பிக்கைதான் என்றும், அதையும் பிடுங்க வேண்டாம் என்றும் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அதுவும் கோழைத்தனம்தான், கொஞ்சம் நல்ல பேரோடு. டீயைக் குடித்து முடித்தேன். வீங்கின காலோடு கீழ்வரை இறங்கி வந்து ரிக்‌ஷா பிடித்துக் கொடுத்தார்.

செம்பூருக்கும் விக்ரோலிக்கும் எவ்வளவு தூரம்? மறுபடி போகவில்லை. ஒன்பது மாதம் கழித்து, அவர் தவறிவிட்டார் என்று தம்பி ஆபீஸுக்குப் போன் செய்து சொன்னார். கடைசி நாட்களிலும் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்தப் புல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாராம்.

அந்த நவம்பரில் அந்தச் சரிவில் புல் கணுக்காலுக்கு மேல் இல்லை. அவர் இரண்டு நாள் முன்பே அறுத்துவைத்திருந்தார். வயசாகிவிட்டதில் அதை மறந்துபோயிருந்தார். அறுத்த புல் கட்டுக்கட்டாக ஓரத்தில் அடுக்கியிருந்ததை நான் பார்த்தேன்.